ஒரு பூவையும் விடாத கை

அடுப்பில் பால் தீய்ந்து புகைந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிய அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்படித்தான் மகளுக்கு விஷயம் தெரிந்தது: அம்மாவின் மூக்கு செத்துப்போயிருந்தது.

இருபத்திரண்டு வருஷம் எசென்ஸ் கம்பெனியில் பாட்டில் அடைத்த மூக்கு. வெனிலா எசென்ஸ். லேபிளில் ஒரு பூ சிரிக்கும். உள்ளே இருப்பது டிரம்மில் வரும் ரசாயனம். கம்பெனி டாக்டர் ‘சளி’ என்று எழுதிக் கொடுத்தார். மகள் விடவில்லை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். மூன்று பக்க மனு எழுதி அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். சூப்பர்வைசர் முழுவதையும் படித்தார். “கையெழுத்து முத்து முத்தா இருக்கு, யார் எழுதினது?” என்றார். பிறகு, “வாசனை தெரியாட்டி என்னம்மா, கண்ணாடி மாட்ட மூக்கு இருக்குல்ல?” என்று சிரித்தார். மறுமாதம் அம்மாவுக்கு வேலை இல்லை.

வெளியில் பார்த்த டாக்டர் மட்டும் நரம்பு முழுசாகச் சாகவில்லை என்றார். ஆசைப்பட்ட வாசனை ஒன்றைத் தினமும் முகர்ந்து பழகினால் திரும்பினாலும் திரும்பலாம்.

“உனக்கு என்ன வாசனைம்மா வேணும்?”

“அந்த லேபிள் பூ இருக்கே, அதோட நெஜக் காய் எப்படி மணக்கும்னு ஒரே ஒரு தடவை தெரிஞ்சா போதும்டி. அப்புறம் மூக்கு இருந்தா என்ன, போனா என்ன.”

“கடையில வாங்கிட்டு வரேன்.”

“கடையில விக்கறதை அடைச்சவளே நான்தான். என் கண்ணு முன்னால காய்க்கட்டும்.”

முழ நீள வெனிலாக் கொடித் தண்டு ஒன்றை மகள் நர்சரியிலிருந்து வாங்கி வந்தாள். குளியலறையை ஒட்டிய ஜன்னலில், நீராவி படும் இடத்தில் தொட்டி. தென்னை நார் சுற்றிய பிளாஸ்டிக் குழாய் மேல் கொடி ஏறியது, உச்சி தொட்டது, மடங்கித் தொங்கியது. பூக்கவில்லை. மூன்று வருஷம்.

“நீங்க வளர்க்கறது கொடியா, கயிறா?” என்று எதிர்வீட்டுத் தையல்காரி கேட்டாள்.

“கயிறுதான். உங்க வாயைக் கட்டத்தான் வளர்க்கறோம்” என்றாள் மகள்.

நான்காம் வருஷம் நான்கு கொத்து மொட்டு விட்டது. ஒவ்வொன்றிலும் பதினைந்து, இருபது. ஒரு கொத்தில் நாளைக்கு ஒரு பூ விரியும், மதியத்துக்குள் வாடிவிடும். வீட்டுக்குள் அதைத் தேடி எந்தப் பூச்சியும் வராது. பல்குச்சியால் பூவுக்குள் இருக்கும் சின்னத் தோலைத் தூக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட வேண்டும். அம்மாவுக்கு முதல் பூவிலேயே கை பிடிபட்டுவிட்டது.

“கொத்துக்கு அஞ்சு போதும்மா. சின்னக் கொடி, தாங்காது. மத்ததைத் தொடாதே” என்று சொல்லிவிட்டுத்தான் மகள் தினமும் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தாள்.

மூன்றாவது வாரம், விடுமுறை நாளில், ஜன்னலடியைப் பெருக்கப் போனவளுக்குச் சுருக்கென்றது. தரையில் ஒரு பூகூட இல்லை. காய் பிடிக்காத பூ மறுநாளே உதிர வேண்டும். நிமிர்ந்து பார்த்தாள். கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் வாடிய பூ ஒட்டிக்கொண்டு.

“எல்லாத்தையும் தொட்டியா?”

அம்மா பல்குச்சியை முந்தானையில் துடைத்தாள். “விரிஞ்சு நிக்குதுடி. பார்த்துட்டு எப்படி விடறது? கம்பெனியில ஓடற பெல்ட்ல ஒரு பாட்டில் விட்டுட்டா சூப்பர்வைசர் பேரைச் சொல்லிக் கத்துவான். கை கேட்க மாட்டேங்குது.”

“இது பெல்ட் இல்லம்மா, உயிர்! அம்பது காயை இது எங்கேருந்து சுமக்கும்?” மகள் கத்தரியை எடுத்தாள்.

அம்மா குறுக்கே நின்றாள். “வேணாம்டி. ஒண்ணு ரெண்டு போனாலும் மிச்சம் நிக்கும்ல?”

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அந்த ஆளு உன்னைப் பிழிஞ்ச மாதிரியே நீ இதைப் பிழியற. கொன்னுட்டே, போ.”

கத்தரியை விட்டெறிந்துவிட்டு வெளியே போனாள். வெட்டியிருக்கலாம். அந்தப் பேச்சுக்குப் பிறகு அம்மாவும் தடுத்திருக்க மாட்டாள். அன்றும் வெட்டவில்லை, மறுநாளும் வெட்டவில்லை. நீயே அனுபவி என்ற வீம்பு.

ஐந்தாம் மாதம் இலைகள் மஞ்சளித்துத் துவண்டன. தண்டு சுருங்கி அடியில் கறுத்தது. காய் முற்ற ஒன்பது மாதம் வேண்டும். அதன் பிறகும் வெந்நீரில் முக்கி, வாரக்கணக்கில் வியர்க்க வைத்து உலர்த்தினால்தான் மணமே பிறக்கும். அதெல்லாம் அம்மாவிடம் சொல்லி இனி என்ன ஆகப்போகிறது என்று மகள் விட்டுவிட்டாள். வீட்டில் பேச்சே குறைந்துபோயிருந்தது.

ஒரு நாள் மாலை வேலையிலிருந்து வந்தபோது ஜன்னலடி முழுக்கக் காய்கள் உதிர்ந்து கிடந்தன. அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்ததும் ஒரு பச்சைக் காயை எடுத்து மூக்கில் வைத்து, கண்ணை மூடி இழுத்தாள்.

“வருதுடி” என்றாள். “லேசா வருது. நெஜமா.”

மகள் குனிந்து ஒரு காயை எடுத்து ஒடித்து முகர்ந்தாள். வெறும் பச்சைத் தண்டு. ஒன்றுமே இல்லை.

“எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“நாங்க அடைச்சோமே, அதே மாதிரி. அதைவிட நல்லா.” அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உன் கொடி வீண் போகல, பார்த்தியா?”

பொய் சொல்லாதே என்று யார் முகத்துக்கு நேரேயும் சொல்லிப் பழகிய வாய், “பார்த்தேன்மா” என்றது.

அம்மா மண்டியிட்டுத் தவழ்ந்து, தொட்டிக்குப் பின்னால் உருண்டு போனதைக்கூட விடாமல், காய்களை ஒவ்வொன்றாக மடியில் பொறுக்கிப் போட்டாள்.