ஆட்டுத் தலையும் கடவுச்சொல்லும்

"எளிமையா சொல்லிக்கொடு மகளே, எல்லாரும் பெரியவங்க" என்று இயக்குநர் மெலிஸ் சொன்னபோதே நுர்ஸாத்துக்கு நம்பிக்கை போய்விட்டது. நாரின் என்ற மலைநகரில் இருந்த அந்தப் பால் தொழிற்சாலையின் மேலாளர்களில் பாதிப் பேருக்கு மின்னஞ்சலை மகளோ மருமகளோதான் திறந்து படித்துக்காட்ட வேண்டும். தெரியாது என்று மட்டும் ஒருவர் வாயிலிருந்தும் வராது. அவளோ ஆடு மேய்ப்பவர் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எந்த லாரி எந்த ஊரில் பால் எடுக்க வேண்டும் என்று சொல்லும் புது மென்பொருள் ஒழுங்காக ஓடினால் வேலை அவளுக்கு. ஓடாவிட்டால் மலைக்குத் திரும்பிப்போய் ஒரு மாமியாரைத் தேடிக்கொள்ளலாம்.

அவள் விளக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்பது. திரையில் படம் போட்டாள். தலையாட்டினார்கள். கேள்வி கேட்டாள். தேநீர் குடித்தார்கள்.

கடைசியில் எரிச்சலோடு சொன்னாள்: "விருந்துல ஆடு வெட்டுனா எல்லாருக்கும் ஒரே துண்டா வைக்கிறோம்? அவங்கவங்களுக்குன்னு ஒரு பங்கு இருக்குல்ல. அது மாதிரிதான். கணக்குப் பிரிவுக்கு ஒரு பங்கு, வண்டிப் பிரிவுக்கு ஒரு பங்கு."

எட்டு முகங்களிலும் வெளிச்சம் வந்தது. அங்கேதான் அவள் கெட்டாள்.

வண்டிப் பிரிவுத் தலைவர் துர்தகூன்தான் அங்கே எல்லோருக்கும் மூத்தவர். வாய் நிறையத் தங்கப் பல். "அப்ப தலை யாருக்கு?" என்றார்.

"தலைன்னா?"

"எதை வேணாலும் மாத்தலாம்னு ஒண்ணு இருக்கும்ல, அது."

"அது எங்கிட்ட இருக்கணும் பைக்கே. நான்தான் பராமரிக்கணும்." அங்கே மூத்த ஆண்களை அப்படித்தான் அழைப்பார்கள்; இவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழைத்தாள்.

அறையில் சிரிப்பு. விருந்தில் ஆட்டுத் தலை எப்போதும் மூத்தவருக்குத்தான். "ஆட்டுத் தலைய இந்தச் சின்னப்பொண்ணு முன்னால வைக்கணுமாம், கேட்டீங்களா" என்றார் துர்தகூன்.

மெலிஸுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. இயக்குநராக இருந்து என்ன பயன்? "அவருக்கே குடுத்துரு மகளே" என்றார் தரையைப் பார்த்தபடி. தனக்குத் தொடை எலும்பு போதும் என்பதுபோல அடுத்த நிலை அனுமதியை வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் வயதுப்படி வரிசையில் நின்றார்கள். சுட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத மனிதரிடம் முழு மென்பொருளின் கடவுச்சொல் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம், வேலைக்கு நடுவே அம்மா கூப்பிட்டாள்.

"ரெண்டு நாளா லாரி வரல. ரோட்டோரமா கேனை வச்சுக்கிட்டு ஊரே நிக்குது. உன் கம்ப்யூட்டர் எங்க ஊர்ப் பேரை அடிச்சிருச்சா?"

"அப்படில்லாம் அடிக்காதும்மா."

"பாலு திரிஞ்சுபோச்சு. தயிரா வடிச்சுக் குருத் உருண்டை உருட்டிக் காயவைக்கலாம்தான். எத்தனை உருட்டுறது? வீட்ல இருக்கிற தட்டுப் பூரா அதான்."

நுர்ஸாத் திரையைத் திறந்தாள். அவள் ஊரான மேலூரின் பெயரே இல்லை. சேறான மலைப்பாதையில் ஏற வேண்டிய மற்ற இரண்டு ஊர்களும் இல்லை. யாரோ உட்கார்ந்து, அலுப்பில்லாமல் ஒவ்வொன்றாக நீக்கியிருந்தார்கள்.

நேரே வண்டிக் கொட்டகைக்குப் போனாள். ஓட்டுநர்கள் ஒளித்து மறைக்கவே இல்லை. "பாதை சகதியா கெடக்கு. அதான் எடுத்துட்டோம்" என்றான் ஒருவன், சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி.

"எப்படி எடுத்தீங்க? உங்களுக்கு அனுமதியே இல்லையே."

"பெரியவர் கடவுச்சொல்லைக் குடுத்தாரு. எங்க எல்லாருக்கும்தான்."

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆட்டுத் தலையை வாங்கியவர் தனியாகத் தின்றால் கஞ்சன் என்பார்கள். காதை அறுத்துச் சின்னவர்களுக்குக் கொடுப்பார், மிச்சத்தைப் பையில் கட்டி வீட்டுக்கும் அனுப்புவார். துர்தகூன் முறை தெரிந்தவர். கடவுச்சொல்லையும் அப்படியே பகிர்ந்திருக்கிறார். இரண்டு மருமகன்களுக்கும்கூடப் பங்கு போயிருந்தது.

மேசைக்குத் திரும்பி, தானே அமைத்துக் கொடுத்த அந்தக் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போய், அதை மாற்றி, எல்லாருடைய அனுமதியையும் ரத்து செய்தாள். நீக்கிய ஊர்களைத் திரும்பச் சேர்த்தாள். கூட்டத்துக்கு ஆள் வந்து அழைத்தபோது எழுந்து போனாள்.

"நீதானம்மா கறின்னு சொன்ன" என்றார் மெலிஸ், முகம் கொடுக்காமல். "கறின்னா பங்கு போடத்தான் செய்வாங்க. உதாரணம் தப்பு. பைக்கேகிட்ட மன்னிப்புக் கேட்டுரு, இதோட முடிச்சுக்குவோம். நிரந்தரம் பத்திப் பிறகு பாக்கலாம்."

துர்தகூன் மன்னிக்கத் தயாராக, தங்கப் பல் தெரியச் சாய்ந்து உட்கார்ந்தார். மூன்று ஊர்ப் பால் திரிந்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"ஆமா, உதாரணம் தப்பு" என்றாள் நுர்ஸாத். "கடவுச்சொல் கறி இல்ல. அது பல்லு. பைக்கே, மெல்றதுக்குக் கஷ்டமா இருக்குன்னு டிரைவர் கேட்டா, உங்க தங்கப் பல்லைக் கழட்டிக் குடுப்பீங்களா?"

கணக்குப் பிரிவு புருல்சா தேநீரை மூக்கில் ஏற்றிக்கொண்டு இருமினாள். துர்தகூன் வாயை மூடினார்.

"பெரியவங்ககிட்ட இப்படியா பேசுறது?" என்றார் மெலிஸ்.

"பெரியவங்கதானே? இருங்க." அவள் அம்மாவை அழைத்து, கைபேசியை மெலிஸின் கையில் திணித்தாள். "எங்கம்மாவுக்கு உங்க எல்லாரையும்விட வயசு ஜாஸ்தி. லாரி வருமான்னு கேக்குறாங்க. நீங்களே சொல்லுங்க."

மெலிஸ் பதறி எழுந்து நின்றார். வேறு வழியில்லை, உட்கார்ந்தபடி பேசினால் நாளைக்கு நாரின் முழுவதும் தெரிந்துவிடும். "சொல்லுங்கக்கா... ஆமாக்கா... இல்லக்கா, அப்படிச் சொல்லக்கூடாது... இன்னிக்கே வரும்க்கா." அம்மாவின் குரல் கைபேசிக்கு வெளியிலும் கேட்டது. மெலிஸின் காது சிவந்தது. பிறகு அவர் நுர்ஸாத்தைப் பார்த்தார். "உங்க மகளா? வேலைலதான் இருக்கா. நிரந்தரமாத்தான்க்கா. எழுதியே குடுத்துர்றேன்."

கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து துர்தகூன் மெதுவாகக் கேட்டார்: "அப்ப இனிமே தலை யாருக்கு?"

நுர்ஸாத் ஒரு வெள்ளைத் தாளை மெலிஸின் முன்னால் தள்ளினாள். பேனாவையும் வைத்தாள்.

"வேலையும் தலையும் எனக்குன்னு எழுதுங்க" என்றாள்.