கொனாடுவின் காலுக்கு வந்த பழி

பஸ் முதலாளி அம்போஃபோ இடது கையை நீட்டிச் சாவியைக் கேட்டார். கானா நாட்டுக் குமாசியில் ஒருவரிடம் இடது கையை நீட்டுவதும் கன்னத்தில் அறைவதும் ஒன்றுதான். அதுவும் பஸ் ஸ்டாண்டில், அத்தனை டிரைவர்களும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது! கொனாடுவுக்குக் காது வரை சூடேறியது.

"கோவிச்சுக்காதம்மா," என்றார் அம்போஃபோ. "நேத்து மாம்போங் இறக்கத்துல வண்டி ஆட்டு மந்தைக்குள்ள போயிருக்க வேண்டியது, நூலிழையில தப்பிச்சிருக்கு. பிரேக்கை மிதிக்க உன் கால்ல தெம்பு இல்ல. இனிமே டான்குவா ஓட்டட்டும்."

"பெடல் கல்லு மாதிரி இருக்குன்னு வாரக்கணக்கா கத்துறேனே ஐயா, அது மட்டும் உங்க காதுல விழலியா?"

பல்குச்சியை மென்றபடி டான்குவா முன்னால் வந்தான். சாவி கைக்கு வருவதற்குள்ளேயே அவனுக்கு நடை மாறிவிட்டது. "கொனாடு, பேசாம வாழக்கா வறுத்து விக்கப் போயேன். அதுக்குப் பிரேக்கே வேணாம்."

"வறுத்தா மொத சட்டியில உன் நாக்கைத்தான் போடுவேன், தள்ளி நில்லு."

ஸ்டாண்டே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஆண்கள் ஓட்டிய பஸ்களில் தொங்கிக்கொண்டு, ஊர்ப் பெயரைக் கூவிக் கூவித் தொண்டை கட்டி, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ஸ்டியரிங் இது. அந்த ஸ்டாண்டில் அவள் ஒருத்திதான் பெண் டிரைவர். காலில் தெம்பில்லாதவள் என்ற பேச்சோடு இங்கிருந்து இறங்கினால், அப்புறம் எந்த முதலாளி அவளை நம்பிச் சாவி கொடுப்பான்?

பழியை ஆரம்பித்து வைத்தவர், அதே கூட்டத்தில் நின்ற மெக்கானிக் குவார்டெங். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். ஒவ்வொரு முறையும் காலை வேளையில் வருவார். ஸ்டார்ட் செய்து பெடலை மிதிப்பார். அது சமர்த்தாகக் கீழே போகும். உடனே இன்ஜினை அணைத்துவிட்டு பானெட்டைத் திறப்பார், தட்டுவார், தடவுவார், மூடுவார். பிரேக்குக்குப் பலம் கொடுக்கும் பூஸ்டரைப் போன மாதம்தான் அவரே புதிதாக மாற்றியிருந்தார். அதற்கப்புறம் அவள் விடாமல் புகார் சொன்னதும், "வண்டி சுத்தம். கோளாறு கால்ல இருக்கு," என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

"ஒரே ஒரு நடை," என்றாள் கொனாடு. "ஆள் ஏத்தல. நீங்க, மெக்கானிக் மாஸ்டர், இந்தப் பல்குச்சிக்காரன், மூணு பேரும் ஏறுங்க. திரும்பி வரும்போதும் பெடல் லேசா இருந்தா, சாவியை நானே குடுத்துட்டுப் போறேன்."

கூட்டம் பார்க்கிறதே என்று அம்போஃபோ ஏறினார்.

போகும்போது பெடல் சொன்ன பேச்சைக் கேட்டது. டான்குவா விசிலடித்தான். வெயில் ஏறி, இன்ஜின் நன்றாகக் காய்ந்து, திரும்பி வரும் வழியில் பாதித் தூரத்தில் பெடல் விறைத்தது. கொனாடு பதறவில்லை. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சமதரையில் ஓரங்கட்டினாள். இன்ஜினை அணைக்கவில்லை.

"வாங்க மாஸ்டர், உக்காருங்க. மிதிங்க."

குவார்டெங் மிதித்தார். அசையவில்லை. இரண்டு காலையும் வைத்து, பின்னால் சாய்ந்து, மூச்சைப் பிடித்து மிதித்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"என்ன மாஸ்டர், கால்ல தெம்பு இல்லியா?"

விசில் நின்றுவிட்டது.

மெதுவாக உருட்டி ஸ்டாண்டுக்குள் வந்தார்கள். வந்ததும் நாலா பக்கமும் ஒரே கத்தல். "அணை! இன்ஜினை அணை!" வண்டி நின்ற கையோடு இன்ஜினை அணைப்பது அந்த ஸ்டாண்டின் சட்டம். பெட்ரோலை வீணாக்குகிறவனை அங்கே யாரும் மன்னிப்பதில்லை. வரிசை நகர்ந்தால்கூடத் தள்ளிக்கொண்டுதான் போவார்கள்.

"அணைக்க மாட்டேன்!" என்று கத்தினாள் கொனாடு. "அணைச்சு அணைச்சுத்தான் இந்தக் கோளாறை எல்லாருமாச் சேந்து ஒளிச்சு வச்சிருக்கீங்க! ஓடும்போதுதான கெட்டுப் போகுது? ஓடும்போது பாத்தீங்களா யாராவது?"

இன்ஜின் உறும உறும பானெட்டைத் தூக்கினாள். இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற இடத்திலிருந்து பூஸ்டருக்கு ஒரு ரப்பர் குழாய் போகும். அந்த உறிஞ்சல்தான் பூஸ்டருக்கு உயிர். கண்ணாலேயே அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு போனாள். வளைவில், பட்டினி கிடந்தவன் வயிறு மாதிரி, குழாய் ஒட்டிப்போய்க் கிடந்தது.

"டான்குவா, இப்ப அணை!"

அணைத்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய் மெல்ல உப்பி, ஒன்றும் அறியாததுபோல் உருண்டையாகிவிட்டது.

"போடு!"

போட்டான். மறுபடி ஒட்டிக்கொண்டது.

"அடிப்பாவி!" என்றான் கூட்டத்தில் ஒருவன், குழாயைப் பார்த்தா கொனாடுவைப் பார்த்தா தெரியவில்லை.

குவார்டெங் குழாயைத் தொட்டார், சுட்டது. அமுக்கினார், மெழுகாக அமுங்கியது. "பூஸ்டர் மாத்தும்போது பழைய குழாய் வெடிச்சிருந்துச்சு. தோட்டத்துக்குத் தண்ணி விடுற குழாயை வெட்டி மாட்டிட்டேன்," என்றார். "சூட்டுல இளகிடும்னு தோணல. கோளாறு என் கையில இருந்திருக்கு, உன் கால்ல இல்ல கொனாடு."

அப்படிச் சொன்னதற்காகவே அவள் அவரை மன்னித்தாள். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, கொஞ்சம் வேகட்டும்.

அவரே ஓடிப்போய், உறிஞ்சினாலும் ஒட்டாத கெட்டியான குழாய் வாங்கி வந்து, கிளிப் போட்டு முறுக்கினார். கொனாடு ஏறி உட்கார்ந்தாள். பூஸ்டரில் மிச்சமிருந்த உறிஞ்சல் தீரும் வரை, இன்ஜின் ஓடாமலே பெடலை மிதித்து மிதித்து இறுக விட்டாள். செருப்பை உதறிவிட்டு, கட்டைவிரலை மட்டும் பெடலில் ஊன்றிக்கொண்டு சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பிடித்ததும் பெடல் விரலுக்கடியில் தானாக அமிழ்ந்தது. ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, இன்ஜின் கொதிக்கும் வரை காத்திருந்து மறுபடி மிதித்தாள். அதே ஒற்றை விரல்! ஸ்டாண்ட் முழுக்க ஹாரன் அலறியது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அம்போஃபோ ஜன்னல் வழியே கையை நுழைத்து இன்ஜினை அணைத்தார். பழக்கம் போகுமா? சாவியை உருவி, வலது கைக்கு மாற்றி நீட்டினார். "நீயே ஓட்டும்மா," என்று முனகினார்.

கொனாடு வாங்கவில்லை. "கேக்கல ஐயா. காலையில நல்லா சத்தமாத்தான சொன்னீங்க."

முதலாளி கூட்டத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "கொனாடு கால்ல ஒரு குறையும் இல்ல! என் பஸ்ஸை அவதான் ஓட்டுவா!"

இப்போது வாங்கினாள். தலையை வெளியே நீட்டி, பழைய தொண்டையில் கூவினாள். "மாம்போங்! மாம்போங்! மாம்போங்!"

முதல் ஆளாக ஏறியவன் டான்குவா. அவன் மாமியார் வீடு அந்த இறக்கத்துக்குக் கீழேதான் இருந்தது.

"முன் சீட்டுலயே உக்காரு," என்றாள் கொனாடு. "பிரேக்கு எப்படிப் போடுறதுன்னு பாத்துக்கிட்டே வரலாம்."