செவ்வாய், வியாழன், சனி

"ஒரு கிலோ அரிசி வாங்கறதுக்கு நீ எத்தினி நிமிஷம் வேலை செய்யணும்னு கேக்கறாங்கம்மா," என்றார் தியோடர்.

அன்னம்மாள் டீ டம்ளரை வாயிலிருந்து எடுத்தாள். அரிசி என்ன விலை என்று கேட்டால் பட்டென்று சொல்லலாம். எத்தனை நிமிஷம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனாலும் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. மாதச் சம்பளத்தை நாளாக்கி, நாளை மணியாக்கி, விரல் மடக்காமல் மனசுக்குள்ளேயே வகுத்தாள்.

"ஒரு மணி நேரம். ரேஷன் அரிசின்னா கம்மி. ஆனா அதுல கல்லு பொறுக்க ஒரு மணி நேரம் ஆவும். அதையும் சேத்துக்கச் சொல்லுங்க சார்."

தியோடர் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த டென்மார்க்காரி மெட்டே சிரிக்கவில்லை. கல் பொறுக்கும் நேரத்தையும் குறித்துக்கொண்டாள்.

1998 ஆகஸ்ட், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். ஓசூர் ரோட்டில், ஹெப்பகோடியில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் காது கேட்காதவர்கள் மாட்டிக்கொள்ளும் கருவிக்குக் கம்பிச் சுருள் சுற்றினார்கள். அரிசி மணியைவிடச் சின்னச் சுருள். பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தாமிரக் கம்பியை மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். அதே சுருளை டென்மார்க்கில் உள்ள தாய்த் தொழிற்சாலையிலும் சுற்றினார்கள். இரண்டு ஊர் வேலையையும் வாழ்க்கையையும் ஒப்பிட்டுப் பார்த்து அறிக்கை கொடுக்கத்தான் மெட்டே வந்திருந்தாள். ஐந்தரை அடிக்கு மேல் உயரம், வெயிலில் சிவந்த மூக்கு, கையில் அறுபத்து நாலு கேள்விகள். பிரேசர் டவுன்காரரான ஸ்டோர்ஸ் கிளார்க் தியோடரை மொழிபெயர்க்கப் போட்டிருந்தார்கள்.

டென்மார்க்கில் பிர்கிட் என்று ஒருத்தி அன்னம்மாள் பார்க்கும் அதே வேலையைச் செய்தாள். அவளுக்கு ஒரு கிலோ அரிசிக்கு ஐந்து நிமிஷ வேலை போதும். கேண்டீனில் சுற்றி நின்ற பெண்கள் 'அடேங்கப்பா' என்றார்கள்.

"அப்ப அந்தம்மா மகாராணிதான்," என்றாள் மங்களம். அன்னம்மாளுக்குப் பக்கத்து சீட்டு, ஈஜிபுராவில் பக்கத்துத் தெரு.

"இரு, இரு. தலைமுடி வெட்டிக்க அவளுக்கு ரெண்டு மணி நேரம் வேலை செய்யணுமாம். உன் வீட்டுக்காரருக்கு எவ்வளவும்மா?" என்று தியோடர் அன்னம்மாளிடம் கேட்டார்.

"முக்கா மணி நேரம். சவரமும் சேத்து."

இந்தமுறை மெட்டேயும் சிரித்துவிட்டாள். பிர்கிட்டின் சம்பளத்தில் கிட்டத்தட்டப் பாதி அரசாங்கத்துக்கு வரியாகப் போகிறது என்றும், அதற்குப் பதிலாக ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் காசில்லாமல் கிடைக்கின்றன என்றும் சொன்னாள்.

"பாதியா! கேட்டதும் குடுத்துடுவாங்களா?" என்றாள் அன்னம்மாள். ஆஸ்பத்திரியைப் பற்றி நினைத்தவள், "குடுக்கலாம்தான்," என்று தானே சொல்லிக்கொண்டாள்.

சிரிப்பும் பேச்சுமாக இருந்தாலும் அவள் பார்வை கேண்டீன் சுவருக்கே போய்க்கொண்டிருந்தது. நோட்டீஸ் போர்டில் அவள் பெயர் இருந்தது. மூன்று மாதத்தில் ஆறு முறைக்கு மேல் தாமதமாக வருபவர்களுக்கு வேலை இல்லை. அன்னம்மாளுக்கு ஆறு சிவப்பு மார்க் ஆகிவிட்டது. நாளைக்குச் சனிக்கிழமை. ஏழு மணி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஆறு இருபதுக்கு ஈஜிபுரா முனையைத் தாண்டிவிடும். சனிக்கிழமையில் அந்த பஸ்ஸைப் பிடிப்பதும் விடுவதும் அவள் கையில் இல்லை.

மெட்டே அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். ஒரு நாளின் இருபத்து நாலு மணி நேரத்துக்குக் கட்டங்கள் போட்டிருந்தன. தூக்கம், சமையல், வேலை, பயணம், பிள்ளைகள், ஓய்வு. ஓய்வு என்ற கட்டத்துக்குத் தியோடர் வந்ததும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்னம்மாள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மெட்டே எழுதிக்கொண்டே வந்து, கூட்டிப் பார்த்து, நெற்றியைச் சுருக்கினாள்.

"இருபத்து ஒண்ணரைதான் வருதாம். மீதி ரெண்டரை மணி நேரம் எங்க போச்சுன்னு கேக்கறாங்க."

"தண்ணிக்கு."

"அதுக்குக் கட்டம் இல்லியேம்மா."

"இல்லன்னா போடச் சொல்லுங்க சார். வாரத்துல மூணு நாள் அப்பிடித்தான் போவுது." அன்னம்மாள் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "நானும் ஒண்ணு கேக்கறேன். அந்த பிர்கிட்டம்மா வீட்ல தண்ணி எத்தனை மணிக்கு வரும்?"

தியோடர் கேட்டார். மெட்டே திரும்பச் சொல்லச் சொன்னாள். அவர் வேறு வார்த்தையில் சொல்லிப் பார்த்தார். அவள் ஏதோ நீளமாகப் பதில் சொன்னாள்.

"கேள்வியே புரியலையாம். தண்ணி வராதாம்."

"வராதா!" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"ஐயோ, வராதுன்னா, அது எப்பவும் அங்கயே இருக்குமாம். குழாயத் திறந்தா கொட்டுமாம். ராத்திரி பகல் கிடையாதாம்."

ஐந்து நிமிஷ அரிசிகூட அவர்களை இவ்வளவு அசத்தவில்லை. மங்களம் மெதுவாக, "அப்ப அந்தம்மா காலைல எந்திரிச்சு இன்னா பண்ணும்?" என்று கேட்டாள்.

அன்னம்மாள் விளக்கினாள். செவ்வாய், வியாழன், சனி. விடியற்காலை நாலரைக்குக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நிற்க வேண்டும். வாட்டர்மேன் முனிராஜ் எப்போது வால்வைத் திறக்கிறானோ அப்போதுதான் தண்ணீர். சில நாள் ஐந்தரை, சில நாள் ஏழு. புருஷன் சண்முகம் ஒரு குடோனில் ராத்திரிக் காவல், வீடு திரும்ப எட்டாகும். மகள் தாரணிக்கு ஒன்பது வயது, நிறைந்த குடம் அவள் இடுப்பில் நிற்காது. பிடிக்காமல் விட்டால் இரண்டு நாளைக்குச் சமைக்கவும் குளிக்கவும் ஒன்றுமில்லை.

மெட்டே கேட்டுக்கொண்டே இருந்தவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். சுருள் சுற்றும் பெண்களின் தாமதங்கள் மாதம் மாதமாக, நாள்வாரியாகச் சிவப்புக் கோடுகளாக நின்றன. செவ்வாய், வியாழன், சனி மூன்றிலும் கோடுகள் ஓங்கியிருந்தன. கீழே பர்சனல் ஆபீசரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு.

தியோடர் அதைப் படித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். "செவ்வாய் அம்மனுக்கு, வியாழன் ராகவேந்திரருக்கு, சனி பெருமாளுக்குன்னு எழுதியிருக்கு. நீங்கல்லாம் கோயிலுக்குப் போறதால லேட்டாம்."

"கோயிலுக்கா? கொடத்தோடயா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் பர்சனல் ஆபீசர் பத்ரிநாத்தே கேண்டீனுக்குள் வந்துவிட்டார். அவருடைய அப்பா மாநிலச் செயலகத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பசவனகுடியில் சொந்த வீடு, தரைக்கடியில் சம்ப் என்கிற பெரிய தொட்டி, மொட்டை மாடியில் இன்னொன்று. கெட்ட மனிதர் இல்லை. அந்தக் குறிப்பைக்கூடப் பக்தியை மதித்துத்தான் எழுதியிருந்தார். மெட்டே தாளைக் காட்டியதும் அவர் முகம் சிறுத்தது.

"இதோ பாருங்கோ, இத நானா இட்டுக்கட்டல. இவாளக் கூப்பிட்டு விசாரிச்சுத்தான் எழுதினேன். கோயில்னு இவாதான் சொன்னா. இப்போ தண்ணின்னா எப்படி? நாளைக்கு வேற சொல்லுவா."

மங்களத்தின் காது சிவந்துபோனது.

"நாந்தான் சார் சொன்னேன்," என்றாள். "மொதத் தடவ தண்ணின்னுதான் சொன்னேன். சூப்பர்வைசரு, அது உங்க பேஜாரு, கம்பெனிக்கு இன்னான்னாரு. அப்பறம் கோயில்னேன். ஒண்ணுமே சொல்லல, குங்குமம் வெச்சுக்கினியான்னாரு. சாமி பேரச் சொன்னா யாரும் திட்ட மாட்டேங்கறாங்க சார். அதையே உங்ககிட்டயும் சொன்னேன்."

"பாத்தேளா?" என்று பத்ரிநாத் தியோடர் பக்கம் திரும்பினார். "பொய்னு அவாளே ஒத்துக்கறா. எதை நம்பறது?"

மெட்டே ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தாள். தியோடர் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். மெட்டேயின் கை பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தது. மூடி மாட்டிவிட்டால் கதை முடிந்தது என்று அன்னம்மாளுக்குத் தோன்றியது. இன்று மாலை அறிக்கை பேக்ஸில் போய்விடும். நாளை ஏழாவது மார்க்.

அவள் கையை நீட்டினாள். "அந்தத் தாள குடுங்க."

நாளெல்லாம் பூதக்கண்ணாடிக்குள் பார்க்கிற கண்கள். இங்கிலீஷ் எழுத்து புரியாவிட்டாலும் கோடு புரிந்தது. மாதங்களை ஒவ்வொன்றாக விரலால் தாண்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றாள்.

"இது ஏப்ரல் மாசந்தான சார்?"

"ஏப்ரல்தான்," என்றார் தியோடர் எட்டிப் பார்த்து.

"ஏப்ரல்ல எங்க மெயின் பைப்பு ஒடைஞ்சுபோச்சு. ரிப்பேர் முடியற வரைக்கும் மூணு வாரம் முறைய மாத்தி உட்டாங்க. திங்க, புதன், வெள்ளி. ஏரியா முழுக்க எல்லாருக்கும் தெரியும். இந்தக் கோடு எந்தெந்த நாள்ல நிக்குதுன்னு நீங்களே படிங்க."

தியோடர் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். "திங்கள்... புதன்... வெள்ளி. மூணு வாரம். அப்பறம் திரும்பச் செவ்வாய்க்கு வந்துடுது."

அன்னம்மாள் பத்ரிநாத்தை நேராகப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"பைப்பு ஒடைஞ்சா சாமி நாள மாத்திக்குமா சார்?"

தியோடர் விட்ட இடத்திலிருந்து எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னார். மெட்டேதான் முதலில் அசைந்தாள். தாளை வாங்கி, ஏப்ரலில் ஒரு வட்டம் போட்டு, அதைப் பத்ரிநாத் முன் வைத்தாள். அவர் ஏப்ரலின் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

"எங்காத்துல சம்ப் இருக்கு," என்றார் கடைசியில், தனக்கே சொல்வதுபோல. "எனக்குத் தோணவே இல்ல." பிறகு, "சரிம்மா, அதுக்காக உங்க ஷிப்டையும் டெஸ்டிங் மாதிரி ஒன்பதரைக்குத் தள்ள முடியுமா? மெஷின் சும்மா நிக்குமே."

"எதுக்கு சார் நிக்கணும்? ஒன்பதரைக்கு வர்ற டெஸ்டிங் ஆளுங்க எல்லாம் ஹெப்பகோடி. அவுங்க ஏரியா போர்வெல்லுல சாயங்காலந்தான் தண்ணி விடறாங்க. ட்ரெய்னிங்ல எல்லாருக்கும் ரெண்டு வேலையும் சொல்லிக் குடுத்திருக்கீங்க. இந்த மூணு நாளும் அவுங்க ஏழுக்கு வந்து சுத்தட்டும், நாங்க ஒன்பதரைக்கு வந்து டெஸ்டிங் பாக்கறோம்."

"அவா ஒத்துக்க வேண்டாமா?"

"போன வாரமே கேட்டுட்டேன். மூணு மணிக்கு வீட்டுக்குப் போலாம்னா அவுங்களுக்குக் குஷி. பசங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரம். சூப்பர்வைசர்கிட்டச் சொன்னேன். ஷிப்டுக்கு ஒரு கலர் கார்டு, அந்தக் கலர மாத்த முடியாதுன்னாரு."

"கலரா!" என்றார் தியோடர். இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் அப்படியே சொல்லிவைத்தார்.

மெட்டே பேப்பர்களை அடுக்கினாள். எழுந்து நின்று, பத்ரிநாத்துக்கும் கேட்கும்படி, தெளிவாக நாலைந்து வாக்கியம் பேசினாள். தியோடர் ஒவ்வொன்றையும் ருசித்து ருசித்துத் தமிழில் சொன்னார்.

"ரெண்டு விஷயம் புரியாமத்தான் இவங்கள அனுப்பிச்சாங்களாம். ஒண்ணு, ஏன் இவ்வளவு லேட்டு. இன்னொண்ணு, டென்மார்க்குல ஆயிரம் சுருள்ல ஒன்பது வீணாவுது, இங்க நாலுதான் வீணாவுது, அது எப்பிடி. மொதக் கேள்விக்கு இன்னிக்கு பதில் கெடச்சிடுச்சாம். ரெண்டாவதுக்கு, அங்கருந்து ஆளனுப்பி உங்ககிட்ட கத்துக்கச் சொல்லி எழுதப் போறாங்களாம். உங்ககிட்டன்னா, அன்னம்மா, உன்கிட்ட."

பெண்கள் மேசையைத் தட்டிய சத்தத்தில் சமையல்காரர் கரண்டியோடு வெளியே ஓடி வந்தார். மங்களம் அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. பத்ரிநாத் நேராக நோட்டீஸ் போர்டுக்குப் போய், பழைய தாளைக் கிழித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த பேனாவால் நின்றபடியே தமிழில் புதிதாக எழுதினார். நாளை முதல் அந்த மூன்று நாளும் ஷிப்ட் மாற்றம், பஸ் எட்டே முக்காலுக்கு. இதுவரை விழுந்த சிவப்பு மார்க்குகள் ரத்து. எழுதி முடித்துவிட்டு, "எழுத்துப் பிழை இருந்தாச் சொல்லுங்கோ," என்றார். அவர் கன்னடத்தில் படித்தவர்.

மறுநாள் சனிக்கிழமை முனிராஜ் ஆறே முக்காலுக்குத்தான் திறந்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. 'இன்னா இன்னிக்கு எல்லாரும் இவ்ளோ சும்மா கீறீங்க?' என்று அவனே கேட்டான். ஏழு குடமும் நிறைந்த பிறகு அன்னம்மாள் செய்த காரியம் வேலை நாளில் அவள் ஒருபோதும் செய்யாதது. நிதானமாகத் தலைக்குக் குளித்தாள். தாரணிக்குச் சடை பின்னி, கையைப் பிடித்து ஸ்கூல் வாசல்வரை கொண்டுபோய் விட்டாள்.

எட்டே முக்கால் பஸ்ஸில் ஏறினால், அவளுக்கு வந்த யோசனை எல்லாருக்கும் வந்திருந்தது. பத்தொன்பது பெண்கள், பத்தொன்பது ஈரத் தலைகள். டிரைவர் கோவிந்தன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் பார்த்தார்.

"இது கம்பெனி பஸ்ஸா, பியூட்டி பார்லரா? சீட்டெல்லாம் ஈரமாயிடும், சொல்லிட்டேன்."

"ஓட்டு அண்ணா, காத்துல காயட்டும்," என்றாள் மங்களம். "கம்பெனி கேட்டு வர்றதுக்குள்ள பின்னிக்கறோம்."

சில்க் போர்டு சிக்னலில் பஸ் நின்றது. இந்த நேரத்து வெயிலில் இந்தச் சாலையை அவர்கள் பார்த்ததேயில்லை. கடைகள் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தன. அன்னம்மாள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்துவிட்டாள். முன் சீட்டிலும் பின் சீட்டிலும் ஒவ்வொருத்தியாக அவிழ்த்தார்கள். பச்சை விழுந்து, ஓசூர் ரோட்டில் பஸ் வேகமெடுத்ததும் ஜன்னல் ஜன்னலாகக் கூந்தல் எழுந்து பறந்தது. பக்கத்தில் ஸ்கூட்டரில் வந்த ஒருவர் முகத்தில் தெறித்த துளியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, மழையோ என்று அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.