பன்னிரண்டாவது மெட்டு

“போயிருச்சுங்க்கா! கரண்டு போயிருச்சு! ஓடியாங்க!”

வேல்குமார் கத்திய கத்தலில் விஜயராணி கையிலிருந்த டீயை வாசற்படியிலேயே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். பின்னாலேயே, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா ராமுத்தாயும் ஓடி வந்தாள். கரண்டு போனால் ஊரே தலையில் கை வைக்கும். வேலம்பாளையத்தில் இந்த ஒரு அறையில் மட்டும், அது எப்போது போகும் என்று நாலு பேர் காத்துக் கிடந்தார்கள்.

ஸ்டுடியோ என்று வேல்குமார் சொல்லிக்கொண்ட அந்த அறை, அவனுடைய அப்பாவின் நிட்டிங் ஷெட்டை ஒட்டி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு மெஷின்கள் ஓயாமல் துணி பின்னிக்கொண்டிருக்கும். பனியன் வேஸ்ட் மூட்டைகளைக் கூரை வரை அடுக்கிப் பார்த்தும் இரைச்சல் அடங்கவில்லை. கரண்டு போனால் மெஷின் நிற்கும். கம்ப்யூட்டருக்கும் கீபோர்டுக்கும் ஒரு சிவப்பு பல்புக்கும் மட்டும் யு.பி.எஸ். இருந்தது. அது இருபது நிமிஷம் தாங்கும். இரண்டு மாதமாக அந்த இருபது இருபது நிமிஷங்களில்தான் பதினோரு மெட்டுகளைப் பதிவு செய்திருந்தார்கள். இன்றைக்குப் பன்னிரண்டாவது. அதோடு முடிந்தது.

நாவல் விஜயராணி எழுதியது. பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டிகளுக்கு நம்பர் போடும் வேலைக்கு நடுவில், மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் எழுதி எழுதி ஒன்றரை வருஷத்தில் முடித்தாள். ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்கான கதை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போகும் மாரிக்கனி என்ற பெண், தினமும் கம்பெனி வேனைத் தவறவிட்டு, அதன் பின்னாலேயே ஓடி ஓடி, கடைசியில் ஒரு ஓட்டப் பந்தயத்தில் போய் நிற்கிறாள். கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கும் தம்பி ராஜ்கமல் அதைப் படித்துவிட்டு, “யக்கா, படிக்கப் படிக்கக் காதுக்குள்ள மெட்டு ஓடுது. சினிமாவுக்கு மட்டுந்தான் பின்னணி இசை போடணுமா? நாம புத்தகத்துக்குப் போடுவோம்” என்றான். அத்தியாயத்துக்கு ஒரு மெட்டு. நாவலை அச்சுப்போட ஒப்புக்கொண்ட பதிப்பாளர், சி.டி.யைப் பின்னட்டையில் ஒட்டித் தருகிறேன் என்று சொன்னதிலிருந்து யாருக்கும் கால் தரையில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை புத்தகக் கண்காட்சியில் வெளியீடு. இன்று புதன்.

எல்லோரையும்விட அதிகமாகப் பறந்தது ராமுத்தாய்தான். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் மகள் படித்துக் காட்ட வேண்டும், பிறகு மகன் வாசித்துக் காட்ட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். “வேனைப் புடிக்க ஓடுறவ இப்படியாடா அசஞ்சு அசஞ்சு ஓடுவா? வேன் பெருமாநல்லூர் தாண்டிருக்கும். வெரசா அடி.” துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினின் சத்தத்தைப் பதிவு செய்து தாளமாகப் போடும் யோசனைகூட அவளுடையதுதான்.

ஆனால் கடைசி அத்தியாயத்தை அவளுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. “மொதல்ல மெட்டக் கேக்கேன். அந்தப் பிள்ள ஜெயிச்சாளா தோத்தாளான்னு அதுலயே தெரியணும்” என்று அவளே தடுத்துவிட்டாள். அதற்காக, தான் வேலை பார்க்கும் செக்கிங் செக்‌ஷனில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

வேல்குமார் சிவப்பு பல்பைப் போட்டான். பல்பு எரியும்வரை யாரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடக் கூடாது. ராமுத்தாய் ஒரு வேஸ்ட் மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தாள். ராஜ்கமல் மெதுவாகத் தொடங்கினான். முதலில் ஒற்றை ஸ்வரம், அப்புறம் அதன் பின்னாலேயே இன்னொன்று, பிறகு ஓவர்லாக் தாளம். விஜயராணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தான் எழுதியபோது தெரியாத ஏதோ ஒன்று அதில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு முறை பிசகி நிறுத்தினான். மூன்றாவது முறை பிசகவில்லை.

பாதியில் அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் இடது கை நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. கண்கள் நிறைந்து, நெற்றி வியர்த்திருந்தது. மெட்டு அவளையும் உலுக்கிவிட்டது என்றே விஜயராணி நினைத்தாள். ஆனாலும் எழப் போனாள். ராமுத்தாய் உதட்டின்மேல் விரலை வைத்து, இரு என்று கண்ணால் காட்டினாள். விஜயராணி உட்கார்ந்துவிட்டாள்.

பல்பு அணைந்தது. “வந்துருச்சுங்க! ஒரு பிசிறு இல்லீங்க!” என்று வேல்குமார் துள்ளினான். ராஜ்கமல் எழுந்து அக்காவைக் கட்டிக்கொண்டான்.

“சரியா வந்துருச்சா?” என்றாள் ராமுத்தாய். குரல் அடியிலிருந்து வந்தது.

“வந்துருச்சும்மா!”

“அப்பச் சரி” என்று சொல்லி மூட்டைமேலேயே சரிந்தாள்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது மூச்சு இல்லை.

மறுநாள் காலையில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டின் முன்னால் சாமியானா போட்டிருந்தது. ராமுத்தாயை நடுவில் கிடத்தி மாலை போட்டிருந்தார்கள். சாத்தூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்துசேரப் பதினொரு மணி ஆகும், வந்ததும் எடுத்துவிடுவது என்று பேச்சு. ராஜ்கமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். விஜயராணி போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா நெஞ்சைப் புடிச்சத நான் பாத்தேன்டா” என்றாள். “வெரல வச்சு இருன்னுச்சு. நானும் இருந்துட்டேன்.”

அவன் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல், “அந்த மெட்ட அழிக்கச் சொல்லிட்டேன். சி.டி.யே வேண்டாம்னு பதிப்பாளருக்கும் சொல்லிட்டேன்” என்றான்.

ஒன்பதரைக்குக் கம்பெனி வேன் வந்து நின்றது. செக்கிங் செக்‌ஷன் பெண்கள் பன்னிரண்டு பேர், கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்கினார்கள். ஒரு மணி நேரம்தான் பெர்மிஷன். வந்ததும் ராமுத்தாயின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பாண்டியம்மாள் ஒப்பாரி சொல்லி அழுதாள். ராமுத்தாய் அவளுக்கு மதினி முறை; இருவரும் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே வருஷத்தில் பிழைக்க வந்தவர்கள். அழுது ஓய்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, விஜயராணியின் கையைப் பிடித்தாள்.

“தாயி, கேக்கேனேன்னு தப்பா நெனைக்காத. அந்தப் பிள்ள ஜெயிச்சுட்டாளா?”

“எந்தப் பிள்ள அத்தை?”

“மாரிக்கனி.”

விஜயராணி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

“மதினி எங்களுக்கு இதுவரைக்கும் முழுக் கதையும் சொல்லிருச்சு தாயி. நீ ராத்திரி படிச்சத மறுநா டேபிள்ல சொல்லிரும். நூலு வெட்டிக்கிட்டே கேப்போம். நேத்து மத்தியானம் கெளம்பும்போது, ‘நாளைக்கு வந்து முடிவச் சொல்லுதேன், ஒருத்தியும் லீவு போட்றாதிய’ன்னு சொல்லிட்டுப் போச்சு.”

“சும்மா சொல்ல மாட்டாங் கண்ணு” என்றாள் பக்கத்தில் இருந்த பழனியம்மாள். பெருமாநல்லூர்ப் பக்கத்துக்காரி. “மொதல்ல மெட்டப் பாடிப் போட்டுத்தானுங் கதைய ஆரம்பிப்பா. எங்களுக்குப் பதினொன்னும் மனப்பாடம். இந்த ஏழாவது இருக்குதுல்ல, அந்தப் புள்ள மழைல செருப்பு இல்லாம ஓடறது…” என்றவள், துக்க வீடு என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள்.

“பாடுங்க” என்றாள் விஜயராணி.

பழனியம்மாள் தயங்கினாள். பிறகு வாய் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே முனகினாள். இரண்டாவது அடியில் பாண்டியம்மாளும் சேர்ந்துகொண்டாள். மூன்றாவதில் எல்லாப் பெண்களும். கடைசி அடி வந்ததும் பன்னிரண்டு குரலும் ஒன்றாக மேலே ஏறி, அங்கேயே நின்றன.

ராஜ்கமல் திரும்பினான்.

“யக்கா, கடைசில ஏறுது” என்றான். “நான் கீழ எறக்கித்தான விட்டிருந்தேன்?”

“ராமுத்தாயி எங்களுக்கு இப்படித்தானுங் தம்பி பாடிக் காட்டுச்சு” என்றாள் பழனியம்மாள். “‘எம் மவன் தப்பா முடிச்சிட்டான், மழைல ஓடறவளுக்குச் சந்தோசம் பொங்குமா எறங்குமா, நான் திருத்திருக்கேன்’னு சொல்லும்.”

ராஜ்கமல் சிரித்துவிட்டான். சிரிப்பு வந்த வேகத்திலேயே கண்ணும் உடைந்தது. இரண்டையும் அவனால் நிறுத்த முடியவில்லை. மண்டியிட்டபடியே பெண்களுக்கு அருகில் நகர்ந்து வந்தான். “இன்னொருக்காப் பாடுங்க. கடைசி அடிய மட்டும்.” பாடினார்கள். அவன் விரல்கள் தொடைமேல் ஓடின. “அம்மா சொன்னதுதான் சரி யக்கா! அந்த எடத்துல ஏறத்தான் செய்யணும். ஏழாவத மாத்தணும். இவுக பாடுறதையே போட்டுறலாம், ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிச்சுறலாம்!” சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. சாமியானாக் கம்பத்தருகே நின்ற வேல்குமாரைப் பார்த்தான்.

“வேலு… அந்தப் பன்னெண்டாவது…”

“அழிக்கலீங்ணா” என்றான் வேல்குமார். “நீங்க சொன்னீங்க. என்னால முடியலீங்.”

பாண்டியம்மாள் விஜயராணியின் கையை விடவே இல்லை. “எங்களுக்கு இன்னும் அரை மணி நேரந்தான் தாயி இருக்கு. மொத மெட்டு, அப்புறம் கதை. மதினி அப்படித்தான் சொல்லும்.”

முன்னதாகவே வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர் வாசலில் முகம் சுளித்தார். விஜயராணி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தம்பியை நோக்கித் தலையசைத்தாள். ராஜ்கமல் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பன்னிரண்டாவது மெட்டின் முதல் ஸ்வரத்தை மெல்ல முனகத் தொடங்கினான். ஐஸ் பெட்டி கிடைக்காததால் வாடகைக்கு எடுத்து வைத்திருந்த மின்விசிறியை யாரோ நிறுத்தினார்கள். பெண்கள் அடையாள அட்டைகளை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, கால்களை மடக்கி, நெருங்கி உட்கார்ந்தார்கள்.

“மைதானத்துல எட்டுப் பேரு நிக்காக” என்று விஜயராணி ஆரம்பித்தாள். “மாரிக்கனி ஏழாவது கோட்டுல நிக்கா.”

பழனியம்மாள் கையை நீட்டி, ராமுத்தாயின் காதை மூடிக் கிடந்த மாலையைச் சற்றே ஒதுக்கிவிட்டாள்.