மூன்றாம் எண் ஃபோல்கா

மோதெனா நகருக்கு வெளியே இருந்த பந்தயத் தளத்துக்கு லொரேதானா தன் மூன்றாம் எண் ஃபோல்கா காரை ஓட்டிக்கொண்டே வந்துசேர்ந்தாள். சந்தையில் வாங்கிய பூசணிக்காய் பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. உலகத்திலேயே மொத்தம் ஒன்பது ஃபோல்காக்கள்தான். ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல். அதில் காய்கறி ஏற்றி வருபவள் தான் ஒருத்திதான் என்பதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

கார் சேகரிப்பாளர் குவால்தியேரோவின் ஏழாம் எண் ஃபோல்கா மூடிய லாரியில் வந்தது. கையுறை மாட்டிய நாலு பேர் அதை இறக்கிக் கையால் தள்ளினார்கள். ஓட்டினால் மீட்டர் ஏறிவிடுமாம்! வாங்கிப் பதினைந்து வருடமாகியும் இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூட மனுஷன் பிரிக்கவில்லை.

சேகரிப்பாளர் சங்கம் அன்று இரண்டு வண்டிகளையும் ஒப்பிட்டு மதிப்பெண் போட இருந்தது. வேகத்துக்குப் பாதி, சேகரிப்பு மதிப்புக்குப் பாதி. தேறாத வண்டியின் எண் தகட்டைக் கழற்றிவிடுவார்கள். அதற்கப்புறம் சங்கத்தின் கணக்கில் அது ஃபோல்காவே இல்லை. ஃபோல்கா தொழிற்சாலையில் இந்த வண்டியை முதன்முதலில் சோதித்து ஓட்டியவள் லொரேதானா. தொழிற்சாலையை மூடியபோது அவள் கேட்டு வாங்கியது இது ஒன்றைத்தான். இதைப் போலி என்று எவனாவது சொல்வதா?

குவால்தியேரோ முதலில் ஓட்டவேண்டும். அவர் ஓட்டவில்லை.

"டயர் ஒரிஜினல். வெடிச்சா என்ன ஆவுறது? மாத்தினாலும் மார்க் போயிடும். கம்பெனி காகிதத்துல ஒரு சுத்துக்கு எவ்வளவு நேரம்னு போட்டிருக்கே, அதையே வச்சுக்குங்க தலைவரே."

சங்கத் தலைவர் மலாகோலி சரியென்று தலையாட்டினார்.

லொரேதானாவுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "அடப்பாவி! அந்த நேரத்தை ஓட்டி எடுத்தது யாருன்னு தெரியுமா? நான்யா! இதே தளத்துல!"

"சங்கத்து விதி விதிதானேம்மா," என்றார் மலாகோலி.

"அப்படியா? அந்தக் காகிதத்தையே ஜெயிச்சுக் காட்றேன். இதைப் பிடிங்க." பூசணிக்காயைத் தலைவர் கையில் திணித்துவிட்டுக் கிளம்பினாள்.

கடைசி வளைவில் பின்சக்கரம் வழுக்கியது. அவள் சிரித்தபடியே திருப்பிப் பிடித்தாள். சுற்று முடிந்தபோது தன் பழைய நேரத்தை அரை நொடி முந்தியிருந்தாள். கையுறைக்காரர்களே கை தட்டிவிட்டார்கள்.

ஆனால் சேகரிப்பு மதிப்பில் அவளுக்கு முட்டை. கதவில் கீறல், மறுபடி அடித்த பெயின்ட், புது பிரேக். கூட்டிப் பார்த்தால் தேறவில்லை.

மலாகோலி அவளை ஓரமாக அழைத்துப்போனார். "ஒரு வழி இருக்கு. பழைய பிரேக்கை மாட்டி, நம்ம கிடங்குல நிறுத்திப் பூட்டிடு. ஓட்டாம இருந்தாப் போதும், தகடு உனக்கே."

அவள் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனை பனிக்காலத்தில் விரல் மரத்துப்போக இந்த வண்டியைச் சோதித்திருப்பாள்! திருப்புளியை எடுத்து எண் தகட்டின் திருகுகளை ஒவ்வொன்றாகத் தானே கழற்றினாள். தகட்டைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள்.

"பூட்டி வைக்கத்தானே ஆசை? இந்தாங்க, இதை வச்சுப் பூட்டிக்குங்க."

குவால்தியேரோ பதறிப்போய் ஓடிவந்தார். "பைத்தியமாடி உனக்கு? விலை பாதியா விழுந்துடும்!"

"விக்கிறவனுக்குத்தானேய்யா விலை," என்று சொல்லி இஞ்சினைக் கிளப்பினாள். "தள்ளி நில்லு, புழுதி பறக்கும்."