மணல்திட்டில் தாய்மாமன்

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் கோடை விடுமுறையில் நாங்கள் நால்வர் சின்னமனூரிலிருந்து புறப்பட்டு, தொண்டிக்குத் தெற்கே உள்ள ஒரு சிறிய விரிகுடாவை அடைந்தோம். நால்வர் எனில் நான், என் தங்கை சந்தனம்மாள், அவளுடைய கணவர் பாண்டியராஜன், அவர்களுடைய மகள் அனுஷ்கா. மாடு கன்றுகளைப் பார்த்துக்கொள்ள என் மனைவி பூமாரி வீட்டிலேயே இருந்துவிட்டாள். இராமேசுவரத்தில் நீராடிவிட்டுத் திரும்பும் வழியில் கடற்கரையில் சில நாள் தங்கலாம் என்பது தங்கையின் ஏற்பாடு. அவளுடைய உள்ளக்கருத்து வேறு. அஃது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

ஆவணி மாதத்தில் அனுஷ்காவுக்குக் காது குத்த வேண்டும். அவ்வேளையில் குழந்தை தாய்மாமன் மடியில் அமர்ந்திருத்தல் வேண்டும். அத்தாய்மாமன் நான். எனினும் அழைப்பின்றி எவரும் மடி விரித்து அமர இயலாது. குழந்தையின் தகப்பனே வெற்றிலை பாக்கு வைத்து, நேருக்கு நேர் நின்று, தம் வாயால் அழைத்தல் வேண்டும். பிறர் மூலம் சொல்லியனுப்பினால் அஃது அழைப்பு ஆகாது. இவ்விடத்தில்தான் இடர் இருந்தது. பாண்டியராஜனும் நானும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் வாய்க்கால். எங்கள் இருவர் வயலுக்கும் ஒரே மடை. தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவோம். என் முறை முடியும் முன்பே அவர் மடையை அடைத்தார் என்பது என் கூற்று. முடிந்த பிறகே அடைத்தேன் என்பது அவர் கூற்று. சொல் வளர்ந்தது, பேச்சு நின்றது. அதன்பின், ஒருவர் மற்றவருக்குச் சொல்ல வேண்டியதை அருகில் நிற்கும் மூன்றாம் ஆளைப் பார்த்துச் சொல்லிவந்தோம். ஆள் இல்லாவிடில் மாட்டைப் பார்த்துச் சொன்னோம். மாமன் மடி இல்லாமல் காது குத்த நேருமோ என்று தங்கை வருந்தினாள். நானும் வருந்தினேன். ஆயினும் முதலில் வாய் திறப்பவன் தோற்றவன் என்று கருதினேன். அவரும் அவ்வாறே கருதினார்.

கடற்கரைக்கு வந்த மறுநாள் காலையில் சந்தனம்மாள் கட்டளையிட்டாள். “ரெண்டு பேரும் மீன் பிடிக்கப் போங்க. வள்ளத்துக்குச் சொல்லியாச்சு. மீனோட வந்தாக் கொழம்பு, இல்லாட்டி ரசந்தான்.”

“மீன் பிடிக்கத் தெரிஞ்ச ஆளு ஒருத்தராவது போனாச் சரி” என்றார் பாண்டியராஜன், தம் மகளைப் பார்த்து.

“வைகை டேமுல அஞ்சு கிலோ கட்லா யாரு தூண்டில்ல விழுந்துச்சுன்னு ஒங்கப்பன்ட்டக் கேளு தாயி” என்று நானும் குழந்தையிடமே சொன்னேன்.

குழந்தை எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எனக்கு ஐஸ்” என்றது.

வள்ளத்தில் ஏறியதும் நான் என் டப்பாவைத் திறந்தேன். வாழைத்தோப்பில் தோண்டி, ஈரமண்ணோடு கொண்டுவந்திருந்த மண்புழுக்கள் நலமாக நெளிந்துகொண்டிருந்தன. வள்ளக்காரர் துடுப்பை நிறுத்தினார்.

“என்னய்யா இது?”

“மண்புழு. எங்கூரு வாழைத்தோப்புப் புழு.”

“எங்க கடல் மீனு இதப் பாத்ததே கிடையாதே. பயந்துராதா?”

பாண்டியராஜன் மறுபக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பின்பு தம் பையிலிருந்து கோதுமை மாவும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டைகளைப் பெருமையுடன் எடுத்து வைத்தார்.

“இது எதுக்கு? மாட்டுக்கா?” என்றார் வள்ளக்காரர்.

இம்முறை நான் சிரித்தேன்.

வள்ளக்காரர் ஒரு கொட்டாங்கச்சியில் கைப்பிடி இறாலை இட்டு, அருகில் இருந்த பாண்டியராஜனிடம் நீட்டினார். “பகுந்துக்குங்க. இந்தத் திட்டுல நில்லுங்க. நான் போயி வலையப் பாத்துட்டு வர்றேன். திட்ட விட்டு எறங்கிறாதீய, சுத்திப் பள்ளம்.” கணுக்கால் அளவு நீர் சூழ்ந்த ஒரு மணல்திட்டில் எங்களை இறக்கிவிட்டு அவர் அகன்றார்.

கடல் கண்மாயைப் போல அமைதியாக இருந்தது. எதிர்க்கரை ஒன்றுதான் இல்லை. பேசுவதற்கு மூன்றாம் ஆளும் இல்லை, மாடும் இல்லை.

என் மண்புழு உப்புநீரில் வெளுத்து, நனைந்த நூல் போல் ஆயிற்று. அவருடைய மாவுருண்டை கரைந்து பால்போல் பரவியது. ஆனால் அவரிடம் இறால் இருந்தது. கொட்டாங்கச்சியைத் தமக்குப் பின்னால் நீர் ஏறாத மணல்மேட்டில் ஊன்றி வைத்துவிட்டு, ஓர் இறாலைக் கோத்து வீசினார். தூண்டில் நரம்பு இறுகியது. வேகமாக இழுத்தார். அடியில் இருந்த பாறையில் சிக்கி நரம்பு அறுந்தது. தூண்டில் முள்ளும் ஈயக்குண்டும் கடலோடு போயின. அவரிடம் வேறு முள் இல்லை. என்னிடம் முள் ஒரு பொட்டலம் இருந்தது; இறால் இல்லை.

“முள்ளு வேணுங்குறவுக கேட்டாக் குடுக்கலாம்” என்று வானத்தை நோக்கிச் சொன்னேன்.

“இறாலு வேணுங்குறவுக மொதல்ல கேக்கட்டும்” என்று அவர் கடலை நோக்கிச் சொன்னார்.

இருவரும் சும்மா நின்றோம். இதற்கிடையில் கணுக்காலில் நின்ற நீர் முழங்காலைத் தொட்டது. மேலே எங்கோ மதகைத் திறந்துவிட்டார்கள் போலும் என்று எண்ணி, மேற்கே திரும்பிப் பார்த்தேன். கடலுக்கு மேல்மடை ஏது, கடலே ஏறுகிறது என்பது பிறகே தோன்றியது. அவ்வாறு திரும்பியபோதுதான், மணலில் ஊன்றிய கொட்டாங்கச்சி மிதந்து எழுந்து, பாண்டியராஜனின் முதுகுக்குப் பின்னால் மெல்ல நகர்வதைக் கண்டேன்.

“சில பேரு தன் பொருளு எங்க போகுதுன்னு பாக்க மாட்டாக” என்றேன், பொதுவாக.

அவர் முகம் சிவந்தது. “எம் பொருளு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். எந்த வயலுக்குப் பாஞ்சுச்சுன்னும் தெரியும்!”

கொட்டாங்கச்சி திட்டின் விளிம்பை அடைந்துவிட்டது. அதற்கு அப்பால் பள்ளம்.

“மாப்ள! இறாலு போகுது, பிடிங்க!”

அவர் திரும்பினார், பாய்ந்தார், குப்புற விழுந்தார். நீருக்கு மேலே ஒரு கை மட்டும் தெரிந்தது. அக்கையில் கொட்டாங்கச்சி இருந்தது. பிறகு தலை வந்தது.

“தூ! என்னா மச்சான் இம்புட்டு உப்பு!”

“கடலு உப்பாத்தான் மாப்ள இருக்கும்.”

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகே, பேசிவிட்டோம் என்பது இருவருக்கும் புலப்பட்டது. அவர் ஈரமுகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் முள் பொட்டலத்தை நீட்டினேன். இறாலில் பெரும்பகுதி கடலில் கொட்டிவிட்டது.

“மிச்சம் கொஞ்சந்தான். மொற வச்சுக்கிருவோம் மச்சான்” என்றவர், சொல்லிவிட்டுச் சற்றே தயங்கினார்.

“மொற எப்ப முடிஞ்சதுன்னு யாரு சொல்றது?”

“மீனு சொல்லட்டும். ஒரு மீனு விழுந்தா ஒரு மொற முடிஞ்சது.”

அவ்வண்ணமே செய்தோம். வெள்ளிக் கம்பி போன்ற கிழங்கான் மீன்கள் வந்தன. ஒருவர் வீச, மற்றவர் நரம்பைச் சுற்றித் தந்தார். நீர் தொடை வரை ஏறியது, நாங்கள் பொருட்படுத்தவில்லை. கடைசி இறாலும் தீர்ந்தபின் அவர் என் முன்னே வந்து நின்றார்.

“மச்சான், ஆவணியில பிள்ளைக்குக் காது குத்துறோம். நீங்கதான் மடியில…”

கேட்க ஏங்கிய சொல் அதுவே. உடனே ‘சரி’ என்றிருக்கலாம். ஆனால் முறை என்று ஒன்று உண்டு அல்லவா?

“வெத்தல எங்க மாப்ள?”

“கடலுக்குள்ள வெத்தலைக்கு எங்க போவேன்?”

“அப்பக் கரையில வச்சுக் கேளுங்க.”

அவர் முகம் வாடியது. வள்ளம் வந்து ஏற்றிக்கொண்டபோது எனக்கு முதுகு காட்டி அமர்ந்தார். கரை சேர்ந்ததும், மகளைக்கூடப் பாராமல், ஈர வேட்டியோடு சாலைப்பக்கம் விறுவிறுவென்று நடந்தார். கனிந்து வந்ததைக் கெடுத்துக்கொண்டேனோ என்று அஞ்சினேன்.

“அண்ணே, என்ன பேசித் தொலைச்சீக? மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் போறாகளே!” என்றாள் சந்தனம்மாள்.

“ஒண்ணும் பேசலத்தா. மீனக் கழுவு.”

அவள் மீனை உரசி முடித்தாள், உலையும் கொதித்தது. நான் சாலையையே பார்த்திருந்தேன். அப்பொழுது பாண்டியராஜன் வந்தார். தாளில் சுற்றிய வெற்றிலைக் கட்டும் பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் அவர் கையில் இருந்தன. தங்கை ஒன்றும் கேளாமல் ஒரு தட்டைத் துலக்கிக் கொடுத்தாள். அதில் யாவற்றையும் வரிசையாக வைத்து, அவர் எனக்கு நேரே நின்றார்.

“மலைச்சாமி மச்சான், ஆவணியில எம்மகளுக்குக் காது குத்துறோம். நீங்க வந்து மடியில வச்சுக்கிறணும்.”

“வர்றேன் மாப்ள” என்று தட்டை இரு கையாலும் வாங்கிக்கொண்டேன். கையோடு, “விருந்துக்குக் கெடா என் செலவு” என்றேன்.

“அதெப்படி? என் வீட்டு விசேசத்துக்கு நான் கெடா வாங்க மாட்டனா?”

“தாய்மாமன் நான் இருக்கும்போது நீங்க ஏன் வாங்கணும்?”

“சந்தனம், ஒங்கண்ணன்ட்டச் சொல்லு…” என்று அவர் பழக்கத்தில் திரும்பினார்.

“என்னைய இழுக்காதீக” என்றாள் அவள், குழம்பைக் கிளறியபடியே. “அங்கனதான நிக்கிறாக? நேராச் சொல்லுங்க.”

அவர் மீண்டும் என் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.