பங்காளிகளின் வெயில்

அன்று தையல்கடையில் இருந்தவர்கள்: சூரிய மின் கூட்டுறவின் செயலாளரான தையல்காரர், பணி முடிந்து நேராக வந்த நர்ஸ், பேக்கரிக்காரர், அச்சகக்காரர், அவர் மனைவி, அவர் தம்பி. வேறு யாரும் இல்லை. தாமும் இருந்ததாகச் சொல்பவர்கள், பிறகு கேள்விப்பட்டவர்கள்.

தம்பி வாசலோரம் ஸ்டூலில் இருந்தார். அச்சகக்காரர் பட்டன் டப்பாக்களுக்குப் பக்கத்தில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். பாகம் பிரித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தம்பியின் முகம் கண்ணில் படக் கூடாதென்று மொட்டைமாடியின் குறுக்கே ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பியவர் அண்ணன்தான்.

ஆனாலும் கூட்டுறவில் சேர்ந்தே தீர வேண்டும் என்றிருந்தார். தெருவே சேரும்போது தம் குடும்பம் மட்டும் வெளியே நிற்பதா?

தையல்காரர் கழுத்திலிருந்த டேப்பைச் சரிசெய்துகொண்டார். "மாடியில வெயிலுக்குப் பஞ்சமே இல்ல. ஆனா சுவரோட நிழல் காலைல ஒரு பக்கம் விழுது, சாயங்காலம் மறுபக்கம் விழுது. சுவர் இருந்தா பேனல் போட முடியாது. பங்காளிங்க ரெண்டு பேரும் கலந்து பேசிச் சொல்லுங்க."

அச்சகக்காரருக்குச் சுருக்கென்றது. "யாரைய்யா பங்காளிங்கறீங்க?"

"பங்கு வாங்கினா பங்காளிதானேண்ணே? நர்ஸ் அக்கா பங்காளி, பேக்கரிக்காரர் பங்காளி, நானும் பங்காளி."

தம்பி தரையைப் பார்த்தபடியே கேட்டார்: "அப்ப இனிமே அண்ணன் பேக்கரிக்காரர்கூடவும் பேச மாட்டாரா?"

நர்ஸ் குபீரென்று சிரித்தார். அச்சகக்காரர் மீசையைத் தடவிச் சிரிப்பை மறைக்கப் பார்த்தார். தோள் குலுங்கிக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"வாய்விட்டுத்தான் சிரிங்களேன்," என்றார் மனைவி. "கொறஞ்சா போயிடுவீங்க?"

"டேய்," என்றார் அச்சகக்காரர். இத்தனை வருடங்களில் தம்பியிடம் அவர் சொன்ன முதல் சொல் அது. "கடப்பாரை இருக்காடா உன்கிட்ட?"

"இருக்குண்ணே. பாகம் பிரிச்சப்ப எனக்குத் தர மாட்டேன்னு சண்டை போட்டீங்களே, அதே கடப்பாரைதான்."

"எடுத்துட்டு வா."

கடையைச் சாத்திவிட்டு எல்லோரும் மாடிக்குப் போனார்கள். பேக்கரிக்காரர் செங்கல் சுமந்தார். அண்ணனும் தம்பியும் தலையிலிருந்து கால்வரை சுண்ணாம்புத் தூசியோடு, யார் அண்ணன் யார் தம்பி என்று தெரியாதபடி நின்றார்கள். சுவர் இருந்த இடத்தில் வெயில் விழுந்தது.

தம்பிதான் சுவரை இடித்தார், அண்ணன் வாயடைத்து நின்றார் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. தவறு. தம்பி கடப்பாரையைக் கொண்டுவந்தார். இடித்தவர் அண்ணன்.